பழைய மாண்டலினா, புதுசா: மும்பையில் இரண்டோடும் எட்டு வருடம்

2017 அக்டோபர், தீபாவளி போனஸ் வந்த வாரம். கையில் 25,000 ரூபாய் இருந்தது. யூ. ஸ்ரீநிவாஸ் கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். முப்பத்தைந்து வயதில் மாண்டலின் கற்றுக்கொள்ளலாம் என்று துணிந்து, மாட்டுங்காவில் ஒரு ஆசிரியரையும் பிடித்துவிட்டேன். வாத்தியம்தான் இல்லை.

பழசு வாங்குவதா, புதுசு வாங்குவதா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் இருக்கிற மாண்டலின்காரர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 1910, 20களில் கிப்சன் நிறுவனம் செய்த ஏ வகை மாண்டலின் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் என்பார்கள். கட்டை மரத்தைச் செதுக்கி எடுத்த மேல்பலகை, நூறு வருடம் ஆகியும் நிற்கிற வேலைப்பாடு. ஆனால் அங்கேயே ஆயிரம் டாலருக்கு மேல் போகிற பொருள் அது. கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்தால் நம் கணக்குக்கு வராது. மும்பையில் "பழைய மாண்டலின்" என்றால் அது வேறு ஜாதி. கொல்கத்தாவில் செய்தவை, ஜப்பானிலிருந்து வந்தவை, யார் வீட்டுப் பரணிலிருந்தோ இறங்கிய குடமுதுகு மாண்டலின்கள். இந்தி சினிமா இசைக்குழுக்களில் மாண்டலினுக்குப் பெரிய இடம் இருந்த ஊர் இது. லட்சுமிகாந்த் பியாரேலால் இசையமைப்பாளர் இரட்டையரில் லட்சுமிகாந்த் மாண்டலின் கலைஞராக இருந்தவர்தானே. அதனால் தேடினால் கிடைக்கும்.

எனக்கு சோர் பஜார் என்கிற பழம்பொருள் சந்தையில், மட்டன் தெருவில் கிடைத்தது. ஜப்பானில் செய்த குடமுதுகு மாண்டலின். 15,000 சொன்னார்கள், 7,500க்குப் படிந்தது. கடை வாசலிலேயே ஒரு தந்தியை மீட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன், வேறு எதையும் பார்க்கவில்லை. மணி அடித்த மாதிரி எழும்பி, மெல்ல அடங்கியது.

பார்த்திருக்க வேண்டியது கழுத்தை. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் மெட்டுகள். முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் தந்தியை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காகிதம் நுழையும் அளவு இருந்தால் நல்லது. விசிட்டிங் கார்டே தாராளமாகப் போய் வந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. என்னுடையதில் கார்டு போனது. புது மாண்டலின்களில் பெரும்பாலும் கழுத்துக்குள் ஒரு எஃகுக் கம்பி இருக்கும். திருகைத் திருப்பி வளைவைச் சரி செய்யலாம். பழைய குடமுதுகு மாண்டலின்களில் பலவற்றில் அந்த வசதி கிடையாது.

இன்னொன்று, கூடவே ஒரு அளவு நாடா கொண்டுபோங்கள். மாண்டலினில் குதிரை, அதாவது மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை, ஒட்டப்பட்டிருக்காது, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். கடையில் கை பட்டு நகர்ந்திருந்தால் நல்ல வாத்தியமும் அபசுரமாகப் பேசும். தந்தி தொடங்கும் இடத்திலிருந்து 12ஆம் மெட்டு வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரை வரையும் கிட்டத்தட்ட அவ்வளவே இருக்க வேண்டும். சரியான இடத்தில் வைத்த பிறகும் மேல் மெட்டுகளில் சுருதி ஏறினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய முதல் மாதம் ஒரு கடையில் தந்தி மாற்றக் கொடுத்தேன். அங்கே கனமான தந்திகளைக் கட்டிவிட்டார்கள். எனக்கும் அப்போது தெரியாது. ஒரு முழு செட் தந்தி, நான்கு ஜோடியாக எட்டும் சேர்ந்து, 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பழைய குடமுதுகு மாண்டலின்களின் மேல்பலகை மெல்லியது, மெல்லிய தந்திகளுக்காகச் செய்தது. மூன்றே மாதத்தில் குதிரைக்குக் கீழே பலகை லேசாகக் குழிந்தது, கழுத்து இன்னும் முன்னால் வந்தது. தந்தி மெட்டிலிருந்து எழும்பி நின்றதில் பயிற்சிக்குப் பத்து நிமிடம் போதும், விரல் நுனி எரியும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஐம்பது வருடம் தாங்கிய மரத்தை மூன்று மாதத்தில் நான் நோகடித்தேன்.

அப்புறம் மழைக்காலம். 2018 ஜூலையில் முதுகுப் பட்டைகளில் ஒன்று பசை விட்டுத் திறந்துகொண்டது. மாஹிமில் வயலின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். பழைய மிருகப்பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், அதனாலேயே சுத்தமாகப் பிரித்து மறுபடி ஒட்டவும் முடியும் என்று அவர் விளக்கினார். ஒட்டித் தந்ததை இன்றுவரை தொடவே வேண்டியிருக்கவில்லை. மெட்டுகளை மாற்றியது, புதுக் குதிரை, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் தேய்ந்த சாவிகள் எல்லாமாக இரண்டு வருடத்தில் 11,000 ரூபாய் ஆனது. சாவிதான் ரொம்பப் படுத்தியது. பழைய தகட்டின் துளை இடைவெளி இன்றைய தகடுகளோடு ஒத்துப்போகவில்லை.

2020 ஜனவரியில், சேர்த்து வைத்து, தோபி தலாவ் பக்கம் ஒரு கடையில் புதுசு வாங்கினேன். 24,000 ரூபாய். சீனத் தயாரிப்பு, தட்டை முதுகு, ஸ்ப்ரூஸ் மேல்பலகை, மேப்பிள் முதுகு. மேல்பலகை ஒட்டுப்பலகை இல்லை, முழு மரம் என்பதை உறுதி செய்துகொண்டுதான் பணம் கொடுத்தேன். சுரத்துளையின் விளிம்பில் மர ரேகை உள்ளே வரை தொடர்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்ததும் வாசிக்கிற மாதிரி இல்லை. தந்தி தொடங்கும் இடம் உயரமாக இருந்தது, குதிரையின் அடிப்பாகம் பலகையோடு பொருந்தவில்லை. மாஹிம் பெரியவர் 2,000 ரூபாய்க்கு ஒரே நாளில் சரி செய்தார். ஆறு வருடத்தில் அதற்கு நான் செய்த பெரிய செலவு அதுதான். மற்றபடி தந்தி மட்டும். மழை மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை துரு ஏறிவிடும். வாசித்ததும் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வைத்தால் கொஞ்சம் நீளும்.

ஊரடங்கு மாதங்களில் தினமும் இரண்டு மணி நேரம் புதுசில்தான் வாசித்தேன். சரளி வரிசையிலிருந்து வர்ணம் வரை அதுதான் என்னைக் கொண்டுபோனது. சுருதி நிற்கும், விரல் நோகாது. நாதம் மட்டும் முதல் இரண்டு வருடம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இப்போது திறந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மரம் மாறியதா, என் கை மாறியதா என்று பிரித்துச் சொல்ல வராது.

பழசு சுவரில் தொங்கியது. 2021இல் ஒருநாள் என் வீட்டுக்கு வந்த ஆசிரியர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதை ஏன்பா தொங்க விட்டிருக்கே?"

"கழுத்து போயிடுச்சு சார். எட்டுத் தந்தி தாங்கலை."

"எட்டு எதுக்கு? கமகத்துக்கு ஜோடித் தந்தி இடைஞ்சல்தானே. ஜோடிக்கு ஒண்ணைக் கழட்டிடு."

ஸ்ரீநிவாஸ் ஜோடித் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகளுக்குப் போனது எனக்குத் தெரிந்த செய்திதான். மின் மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகள். அது என் சுவரில் தொங்குவதற்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே நான்கைக் கழட்டினேன். மீதி நான்கும் மெல்லிய தந்திகள், அதையும் ச ப ச ப என்று தளர்த்திச் சேர்த்தேன். இழுவிசை பாதிக்கும் கீழே வந்தது. ஒரு வாரத்தில் கழுத்து ஓரளவு பின்வாங்கியது, தந்தியும் மெட்டுக்குப் பக்கத்தில் இறங்கியது. குதிரையை மறுபடி அளந்து வைத்தேன். தோடியில் காந்தாரத்தை இழுத்தபோது விரலுக்கு அடியில் தந்தி தடையில்லாமல் போனது. புதுசின் ஜோடித் தந்திகளில் அந்த அசைவு எனக்கு ஒருநாளும் முழுதாக வந்ததில்லை. சத்தம் குறைவுதான், கச்சேரிக்கு ஆகாது. ராத்திரி பத்து மணிக்கு மேல், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் ஆலாபனை செய்ய அதைவிட நல்ல துணை எனக்கு இல்லை.

யாராவது 25,000 ரூபாயோடு வந்து கேட்டால் நான் புதுசைத்தான் சொல்வேன். வாத்தியத்துக்கு 22,000, சரி செய்ய 3,000 என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கற்கத் தொடங்குகிறவருக்குச் சுருதி நிற்காத வாத்தியம் கொடுமை, காதே கெட்டுப்போகும். ஏற்கெனவே ஒரு மாண்டலின் கையில் இருந்து, பழுது பார்க்க நம்பகமான ஆளும் பக்கத்தில் இருந்தால் பழசைத் தேடுங்கள். சொல்லும் விலையோடு அதே அளவு பணத்தைப் பழுதுக்கு ஒதுக்குங்கள். நான் கொடுத்த 7,500 கடைசியில் 18,500 ஆனது.

மேல்பலகையில் இருக்கும் அந்தக் குழியை மாஹிம் பெரியவர் வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், விரலால் தடவிப் பார்ப்பார். போன அக்டோபரில் பார்த்தபோது மேலும் இறங்கவில்லை என்றார்.