விக்டோரியா மண்டபமா, கூத்துமாடமா?

எந்த மேடை உயர்ந்தது? பாலக்காட்டில் எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. அண்ணன் சென்னை விக்டோரியா மண்டபத்தின் கட்சி. சென்னைக்கு வந்த பல்லாரித் தெலுங்குக் குழுவின் நாடகத்தைப் பார்த்துத்தான் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்த மண்டபத்தில் சபை நாடகம் போட்டது. திரை ஏறியது, இறங்கியது, சில மணி நேரத்தில் வீடு திரும்ப முடிந்தது.

என் ஓட்டு பகவதி கோயில் கூத்துமாடத்துக்கு, அதாவது தோல்பாவைக்கூத்து நடக்கும் மேடைக்கு. 42 அடி நீளத் திரை, பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள், தோல்பாவைகளின் நிழல். மலையாள மண்ணில், பாவையாட்டும் புலவர்கள் பாடுவதோ கம்பன் பாட்டு! தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதால் இராவண வதத்தைக் காணாத பகவதியான பத்திரகாளிக்காகவே கூத்து என்பது ஐதீகம். ஆகவே முற்றம் காலியானாலும் ஆட்டம் நிற்காது. அண்ணன் மட்டும் நள்ளிரவுக்குள் தூங்கிவிடுவார்.