கூடில்லாத பேட்டரி பேக்: நான்கு ஆண்டுகள் ஓட்டிய பிறகு

வீட்டில் கட்டிய மின்சார சைக்கிளுக்குக் கூடில்லாத பேட்டரி பேக் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்கிறேன்: கூட்டை நீங்களே கட்டத் தயாராக இருந்தால் வாங்குங்கள். பிவிசி உறை சுருக்கி ஒட்டிய பேக்கை அப்படியே ஒரு பையில் போட்டு ஓட்ட நினைப்பவர், கடினக் கூட்டோடு வருவதை வாங்கிக்கொள்வதே நல்லது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாகக் கூடில்லாத பேக்கோடு ஓட்டிவரும் எனக்கு அதன்மேல் பெரிய திருப்தி உண்டு. அந்தத் திருப்தியில் பாதி, பேக்குக்கு வெளியே செய்த வேலையால் வந்தது.

நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஃபிரேமின் வடிவமே காரணம். சந்தையில் கிடைக்கும் கடினப் பிளாஸ்டிக் கூடுகள் பெரும்பாலும் ஃபிரேமின் கீழ்க்குழாய் மீது நீளமாகப் படுத்திருக்கும்படி வார்க்கப்பட்டவை. என் சைக்கிளில் பின்பக்க அதிர்வுத் தாங்கி ஃபிரேமின் முக்கோணத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது; மீதமிருப்பது ஒழுங்கற்ற ஒரு நாற்கோணம். கூட்டோடு பொருத்தினால் மிகச் சிறிய பேக்தான் உள்ளே நுழையும். அட்டையில் வெட்டிய அச்சைப் பேக் கட்டித் தருபவரிடம் கொடுத்தேன். 21700 அளவு (21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம்) உருளைச் செல்கள் 52 அதில் அடங்கின. நான்கு நான்காக இணையாகச் சேர்த்த 13 குழுக்கள் தொடராக, அதாவது 13 தொடர், 4 இணை. பெயரளவு மின்னழுத்தம் 46.8 வோல்ட், முழுதாக நிரம்பினால் 54.6 வோல்ட். செல் ஒன்றுக்கு 5 ஆம்பியர்-மணி என்பதால் மொத்தம் 20 ஆம்பியர்-மணி, அதாவது 936 வாட்-மணி. மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-மணி செலவாகிறது. த்ராட்டிலை மட்டும் நம்பினால் அது 20ஐ நெருங்கும். அந்தச் சந்தில் இவ்வளவு ஆற்றலை வேறு எந்த வழியிலும் வைத்திருக்க முடியாது.

செல் தேர்வில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் என் கன்ட்ரோலர் அதிகபட்சம் 25 ஆம்பியர் இழுக்கும். நான்கு செல்கள் இணையாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 6.25 ஆம்பியர். நான் எடுத்த வகைச் செல் தொடர்ந்து 10 ஆம்பியர் வரை தரக்கூடியது. எனவே ஏற்றத்திலும் அது திணறுவதில்லை. மூன்று இணை போதும், எடை குறையும் என்று கட்டித் தருபவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்திருந்தால் செல்லுக்கு 8.3 ஆம்பியர் விழுந்திருக்கும். வரம்புக்குள்தான், ஆனால் செல்லின் உள்தடையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 6.25இலிருந்து 8.3க்குப் போனால் ஒவ்வொரு செல்லிலும் வெப்பம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். கூடில்லாத பேக்கைச் சுற்றி நுரையும் பையும் இருக்கும். வெப்பம் வெளியேற வழி குறைவு. அதனால் இங்கே தாராளமாக இருப்பதே சரி. செல்லின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரி எண்ணையும் சொல்லாமல் "48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி" என்று மட்டும் சொல்பவரிடம் வாங்கவே கூடாது. 18650 அளவுச் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) செல்லில் 6, 8, 9 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய்.

இனி முக்கியமான இடம். கூட்டோடு வரும் பேக்கைவிடக் கூடில்லாத பேக்கில் உள்வேலையின் தரம் பல மடங்கு முக்கியம், ஏனென்றால் அடி, அழுத்தம், உராய்வு எல்லாம் நேராகச் செல்களுக்கே போய்ச் சேரும். நீல உறை சுருக்கியபின் நல்ல பேக்கும் மோசமான பேக்கும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே உறை போடுவதற்கு முன் நான்கு பக்கமும் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கினேன். அதற்கு மறுத்த ஒருவரை அந்தக் காரணத்துக்காகவே விட்டுவிட்டேன்.

அந்தப் படங்களில் நான் முதலில் தேடியது, செல்களுக்கு இடையே பிளாஸ்டிக் தாங்கிகள் இருக்கின்றனவா என்பதை. உருளைச் செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனை மேலே நடுவில் இருக்கும் சிறிய வட்டம் மட்டுமே. உடலுக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தோல். சூடான பசையால் மட்டும் ஒட்டிய செல்கள் சாலை அதிர்வில் ஒன்றோடொன்று உரசி அந்தத் தோலைத் தேய்க்கும். ஒரே இணைக் குழுவில் இருக்கும் செல்கள் தொட்டால் பாதகமில்லை. அடுத்த குழுவின் செல்லோடு உடல் தொட்டால் குறுக்குச்சுற்று. என்னுடையதைப் போல வளைந்து மடங்கும் பேக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வரிசை திரும்பி வரும் இடத்தில் அருகருகே அமரும் இரு செல்களுக்கு இடையே 3.6 வோல்ட் அல்ல, 20, 30 வோல்ட்கூட வேறுபாடு இருக்கலாம். அந்த மடிப்பில் கண்ணாடியிழைத் தகடு ஒன்று நிற்க வேண்டும். முதலில் வந்த படத்தில் அங்கே காகிதம் மட்டும் இருந்தது. தகடு வைக்கச் சொன்னேன்; முணுமுணுக்காமல் வைத்துத் தந்தார்.

அடுத்தது நேர்முனைகளின் தோளில் தடித்த மின்காப்புக் காகித வளையம். செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் நிக்கல் பட்டை அந்தத் தோளைக் கடந்துதான் போகிறது. வளையம் இல்லையென்றால் பட்டைக்கும் எதிர்முனைக்கும் நடுவே மீண்டும் அந்த மெல்லிய தோல் மட்டும்தான். பட்டை தூய நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்பதைக் காந்தத்தை வைத்து அறிய முடியாது, இரண்டிலும் ஒட்டும். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, மேற்பரப்பைச் சுரண்டி, உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டால் இரும்பு துருவைக் காட்டிவிடும். இரும்புக்கு மின்தடை அதிகம், அதனால் சூடும் அதிகம். பட்டை எத்தனை என்பதையும் எண்ண வேண்டும். ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு நான்கு வழிகள் இருந்தால் 25 ஆம்பியர் நான்காகப் பிரியும். பேக் குறுகும் கழுத்துப் பகுதியில் பல பேர் ஒரே பட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். முழு மின்னோட்டமும் அந்த ஒன்றின் வழியாகப் போனால் அதுதான் முதலில் கருகும்.

பேலன்ஸ் வயர்களைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. ஒவ்வொரு குழுவின் மின்னழுத்தத்தையும் கண்காணித்துப் பேக்கைக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ்ஸுக்குப் போகும் அந்த மெல்லிய வயர்கள் பட்டைகளுக்கு மேலே குறுக்காக ஓடுகின்றன. அவற்றின் காப்பு தேய்ந்தால் கீழே இருப்பது வேறு குழுவின் பட்டை. ஒவ்வொரு வயருக்கும் அடியில் காகிதமும், மேலே வெப்பம் தாங்கும் கேப்டன் (Kapton) காப்பு டேப்பும் இருக்க வேண்டும், செல்களின் விளிம்பில் அவை நசுங்கக் கூடாது.

பேக் வந்தபின் தொடங்கியது என் வேலை. இரு பக்கமும் 1.5 மில்லிமீட்டர் கண்ணாடியிழைத் தகடு, விளிம்புகளில் நுரைப்பட்டை, அதற்குமேல் தடித்த துணியில் தைத்த முக்கோணப் பை, அதை ஃபிரேமோடு இறுக்க அகலமான வார்கள். தண்ணீர் பாட்டில் தாங்கிக்காக ஃபிரேமின் உள்பக்கம் இருக்கும் திருகுகளைக் கழற்றித் தட்டைத் தலை திருகுகளை மாற்றினேன், அவற்றின் மேல் ஒரு தகட்டையும் வைத்தேன். துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் தலைதான் கூடில்லாத பேக்குக்குப் பெரிய எதிரி: ஒரே புள்ளியில் அழுத்தி, ஒவ்வொரு குழியிலும் குத்திக்கொண்டே இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தபோது பிவிசி உறை இரண்டு மூலைகளில் வெளுத்துத் தேய்ந்திருந்தது. தகடுகளுக்குள் கீறல்கூட இல்லை. பேக் பைக்குள் துளியும் அசையக் கூடாது. அசைந்தால் எந்த நுரையும் காப்பாற்றாது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. சுருக்கு உறை நீர்க்காப்பு அல்ல. முனைகள் வழியாக உள்ளே போகும் ஈரம் வெளியே வர வழியின்றித் தங்கி நிக்கலையும் பிஎம்எஸ்ஸையும் அரிக்கும். முனைகளைச் சிலிக்கான் பசையால் அடைத்தேன். வினிகர் மணம் வீசும் வகை அமிலத்தை வெளியிட்டு உலோகத்தை அரிக்கும் என்பதால் நடுநிலை வகைதான் வேண்டும். வயர்கள் பேக்கிலிருந்து கீழ்நோக்கி வெளிவந்து, ஒரு வளைவு போட்டு, பிறகு கன்ட்ரோலருக்கு ஏறுகின்றன. அந்த வளைவின் அடியில் மழைநீர் சொட்டிவிடுகிறது.

கூட்டோடு வரும் பேக்கில் சாவி, ஃபியூஸ், தொடுமுனை எல்லாம் சேர்ந்தே வரும். இங்கே எல்லாம் நம் பொறுப்பு. நேர்முனை வயரில் பேக்குக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் வைத்தேன். கன்ட்ரோலரின் மின்தேக்கிகள் இணைக்கும் கணத்தில் பெரும் மின்னோட்டத்தை விழுங்குவதால் சாதாரண இணைப்பியில் பொறி பறந்து முனைகள் கருகும். அந்தப் பொறியைத் தடுக்க உள்ளேயே மின்தடை வைத்த எக்ஸ்டி90-எஸ் வகை இணைப்பியைப் போட்டேன். இன்றுவரை முனைகள் பளபளப்பாக இருக்கின்றன.

சார்ஜ் செய்யும் பழக்கம்தான் இந்தப் பேக்கை இவ்வளவு நாள் நல்ல நிலையில் வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். அன்றாடம் செல்லுக்கு 4.1 வோல்ட், அதாவது 53.3 வோல்ட்டில் நிறுத்திவிடுகிறேன். ஆனால் என் பிஎம்எஸ் செல் 4.2 வோல்ட்டை நெருங்கும்போதுதான் குழுக்களைச் சமப்படுத்தத் தொடங்குகிறது, அதுவும் மிகச் சிறிய மின்னோட்டத்தில். எனவே அவ்வப்போது முழுதாக நிரப்பிச் சில மணிநேரம் விட்டுவைக்கிறேன். ப்ளூடூத் வழியே 13 குழுக்களின் அளவையும் காட்டும் பிஎம்எஸ் கேட்டு வாங்கியது நல்ல முடிவு. சும்மா கிடக்கும்போதே ஒரு குழு மட்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால், அங்கே ஒரு செல் கெட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது எங்கோ கசிவு இருக்கிறது. அந்த நிலையில் சார்ஜ் போடாமல் பேக்கைத் திறந்து பார்க்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடுவதே கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். நான் ஆளில்லாத அறையில் சார்ஜ் போடுவதில்லை, உறங்கும் நேரத்திலும் போடுவதில்லை.

புதிதில் முழு இறக்கத்தில் 900 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. இப்போது 800ஐ ஒட்டி நிற்கிறது. குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு இன்னும் மிகச் சிறியது. ஏற்றத்தில் மின்னழுத்தம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சரிகிறது, அது வயதின் இயல்பு.

குறைகளும் உண்டு. பேக்கைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போக வார், இணைப்பி, பை என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். கூட்டுப் பேக் என்றால் சாவியைத் திருப்பிக் கையில் எடுத்துவிடலாம். பூட்டு இல்லாததால் சைக்கிளை எங்கும் விட்டுப் போக மனம் வருவதில்லை. தினமும் தெருவில் நிறுத்தி வேலைக்குப் போகிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும், இதை வேண்டாமென்று சொல்ல. தனிப்பட்ட முறையில் கட்டிய பேக்குக்குப் போக்குவரத்துக்கான யுஎன் 38.3 சோதனைச் சான்று பெரும்பாலும் இருக்காது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்கு எப்படியும் இடமில்லை, ஆகவே சைக்கிளோடு பறக்கும் திட்டம் இருந்தால் மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்த பேக்கும் கூடில்லாததாகவே இருக்கும். இந்த முறை 14 தொடர் கேட்கப் போகிறேன்: நிரம்பும்போது 58.8 வோல்ட், என் கன்ட்ரோலரின் 63 வோல்ட் மின்தேக்கிகள் அதைத் தாங்கும். பிஎம்எஸ்ஸின் வெப்ப உணரி ஒன்றைப் பேக்கின் நடுவே, காற்றே படாத செல்களுக்கு இடையில் பதிக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது இருப்பது ஓரத்துச் செல்லின் சூட்டைத்தான் காட்டுகிறது.