சிசி எண்ணோடு போர் அளவையும் காட்டும் உதிரிபாகக் கடை

பழைய கார்களின் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது என் வேலை. உதிரிபாகங்களைப் பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்குகிறேன். இப்போது நான் வாங்கும் கடையில் எனக்குப் பிடித்ததே அதன் விவரப் பட்டியல்தான். பல கடைகள் '1.2 பெட்ரோலுக்குப் பொருந்தும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இங்கே எஞ்சின் குறியீடு, போர் (சிலிண்டரின் உள் அகலம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மூன்றும் இருக்கின்றன.

அது ஏன் முக்கியம் என்றால், சுஸுகி ஸ்விஃப்டின் கே12எம் எஞ்சின் 1197 சிசி (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, கன செ.மீ. கணக்கில்). ஹூண்டாய் ஐ10-இல் வந்த 1.2 கப்பா எஞ்சினும் அதே 1197 சிசிதான். ஆனால் முதலாவதன் போர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 71.5. இரண்டாவதன் போர் 71, ஸ்ட்ரோக் 75.6. சிலிண்டரின் அகலத்தையும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, சிலிண்டர் எண்ணிக்கையான நான்கால் பெருக்கினால், இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். ஆனால் ஒன்றின் ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையங்கள்) மற்றதில் ஏறவே ஏறாது.

குறை இந்தக் கடையின் தேடல் வடிகட்டியில் இருக்கிறது. அது லிட்டர் கணக்கில் மட்டுமே தேடுகிறது. ஃபியட்டின் மல்டிஜெட் டீசல் 1248 சிசி. அதை 1.3 என்று விற்றார்கள். ஐரோப்பாவில் வந்த ஹூண்டாய் ஐ20-இன் 1248 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கோ சில நாடுகளில் 1.25 என்று பெயர். நீங்கள் 1.2 என்று தேர்ந்தெடுத்தால் இரண்டுமே வராது. சிசியை அப்படியே தட்டித் தேட ஒரு பெட்டி வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பகுதியிலும் கவனம் வேண்டும். அதே மல்டிஜெட்டில் 75 குதிரைத்திறன் வகையும் 90 வகையும் உண்டு. மாருதி கார்களில் 75-க்குச் சாதாரண டர்போ, 90-க்கு இறக்கைகள் அசையும் டர்போ. சிசி ஒன்றுதான், டர்போ வேறு.

பிஸ்டன் பக்கத்தை மனதாரப் பாராட்டுகிறேன். 'ஸ்டாண்டர்ட்', '0.25', '0.50' எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்து, எண் போட்டவை ஓவர்சைஸ் அளவு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிய பின் போடும் பெரிய பிஸ்டனின் கூடுதல் மி.மீ.) என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். 73 மி.மீ. போரை 0.50 கூட்டிக் கடைந்தால் எஞ்சின் ஏறக்குறைய 1213 சிசி ஆகிவிடும். ஆர்சி புத்தகத்தில் மட்டும் 1197 என்றே இருக்கும். ஏற்கெனவே இப்படிக் கடைந்த எஞ்சினுக்கு அந்த எண்ணை நம்பி பிஸ்டன் வாங்கக் கூடாது. போர் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் நான் ஆர்டர் போடுவேன்.

பேக்கிங் நன்றாக இருக்கிறது, பொருளும் சொன்ன நாளில் வந்துவிடுகிறது. ஏர் ஃபில்டர், பிரேக் பேட் மாதிரியான சாமான்களுக்கு இவ்வளவு அலச வேண்டியதில்லை, காரின் மாடலும் ஆண்டும் பெரும்பாலும் போதும். எஞ்சினுக்கு உள்ளே போகும் பொருள் என்றால், பிளாக்கில் அடித்திருக்கும் குறியீட்டைப் பார்த்துக்கொண்டு இந்தக் கடைக்கு வாருங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மீதி ஒன்றை வடிகட்டி சரியானதும் தருகிறேன்.