காமராஜர் வாழ்க்கை வரலாற்று ஒலிநூல்: கேட்டபின் ஒரு மதிப்பீடு

சந்தா கட்டிக் கேட்கும் செயலி ஒன்றில் வெளியாகியுள்ள இந்த ஒலிநூல், 1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்த காமராஜரைப் புகழ்மாலைகளுக்குள் புதைத்துவிடாமல், முடிவெடுக்கும் அரசியல்வாதியாக நம்முன் நிறுத்துகிறது.

மிகச் சிறந்த பகுதி 1954ஆம் ஆண்டைப் பற்றியது. கட்சித் தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்ட முதலமைச்சர், பெருந்தன்மையோடு கணக்கும் அறிந்தவர் என்பதை வாசிப்பவர் குரலை உயர்த்தாமலேயே உணர்த்திவிடுகிறார். முதலமைச்சரானபின் அவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட குடியாத்தம் இடைத்தேர்தலும் விரிவாகவே வருகிறது. மதிய உணவுத் திட்டம் பற்றி நாம் பள்ளிப் பாடத்தில் படித்ததைத் தாண்டிப் புதிதாக எதுவும் இல்லை.

1963இல் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்பியதைத் தியாகமாக மட்டும் காட்டும் அத்தியாயம் எனக்கு நிறைவளிக்கவில்லை. மாநிலத்தில் கட்சி பலவீனமடைய அதுவும் ஒரு காரணமா என்ற கேள்வியை எழுப்பியிருக்கலாம். 1967இல் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றதை இரண்டே வாக்கியங்களில் கடந்துவிட்டு, 1969 நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வெற்றிக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பது (அன்பர்கள் தயாரித்தது போலும்!) நியாயமாகப் படவில்லை.

அத்தியாயங்களுக்கிடையே ஒலிக்கும் நாதஸ்வரம் பேச்சை அமுக்கிவிடுகிறது. வேகத்தை ஒன்றேகால் மடங்காக வைத்தாலும் உச்சரிப்பு தெளிவாகவே இருக்கிறது. மாதச் சந்தா வைத்திருப்பவர்கள் தயங்காமல் கேட்கலாம். இதற்காக மட்டும் பணம் கட்டத் தேவையில்லை.