டிஎஸ்எல் விளக்கு மினுக்கினால் கம்ப்யூட்டரைக் கழற்ற விடாதீர்கள்

போன வாரம் எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று, "இடி இடிச்சதுல லேன் கார்டு போயிடுத்தாம், கம்ப்யூட்டர் கடைக்காரப் பையன் வந்து பார்த்துட்டுப் போறான்" என்றார். லேன் கார்டு என்றால் கம்ப்யூட்டரில் நெட் ஒயரைச் சொருகும் பாகம். அந்த வசனம் எனக்கு மனப்பாடம். 2019 அக்டோபரில் அதே கடைக்காரர் அதே வார்த்தைகளை என்னிடம் சொன்னார். அன்று போன பணம் 3,250 ரூபாய். பணம் போகட்டும், எட்டு நாள் வேலையும் ஆறு வருடக் கோப்புகளில் பெரும்பகுதியும் போனது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஏமாந்ததைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வரவேண்டிய புத்தகங்கள் அக்டோபரிலேயே வரிசை கட்டும். என் டெஸ்க்டாப் 2012இல் வாங்கியது. அதில் லினக்ஸ் வகையான உபுண்டு 18.04, தட்டச்சுக்குத் தமிழ்99, மற்றதற்கெல்லாம் லிப்ரே ஆபீஸ். வருடக்கணக்காகத் தொந்தரவே கொடுத்ததில்லை. எங்கள் தெருவுக்கு ஃபைபர் அப்போது வரவில்லை. லேண்ட்லைன் ஒயரிலேயே வரும் டிஎஸ்எல் இணைப்புதான்.

அந்த வாரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. இரவு நல்ல மழை. காலையில் எழுந்து பார்த்தால் நெட் இல்லை. மோடத்தில் டிஎஸ்எல் என்று எழுதியிருக்கும் விளக்கு மினுக் மினுக்கென்றது. கொஞ்ச நேரம் நின்று எரியும், மறுபடி மினுக்கும். லேண்ட்லைனை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் இருந்தது, கூடவே அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். போன் வேலை செய்கிறதே, அப்போது லைன் சரிதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். என் பங்குத் தப்பு அங்கே தொடங்குகிறது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். வந்தார். வருவதற்கு மட்டும் 300 ரூபாய். மோடம் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மானிட்டரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னக்கா, லினக்ஸா போட்டு வெச்சிருக்கீங்க? இதுக்கு டிரைவரே கிடையாதே. இதுல நெட் வராது."

"ஆறு வருஷமா வந்துட்டுதானே இருந்துது, தம்பி?"

"வந்திருக்கும். இப்ப இடியில லேன் போர்ட் போயிருக்கும். லினக்ஸ்ல அதெல்லாம் காட்டாது."

கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து, ஆரம்பத்தில் ஒரு பட்டனைத் தட்டி நீல நிறத் திரை ஒன்றைத் திறந்தார். அம்புக்குறிகளை மேலும் கீழும் தட்டி ஏதோ செய்துவிட்டு மூடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு சிபியுவின் பின்பக்கத்தைக் காட்டினார். லேன் ஒயர் சொருகும் இடத்தில் எப்போதும் பச்சையாக ஒரு பொட்டு எரியும். அது அணைந்திருந்தது. "பாத்தீங்களா, செத்துப் போச்சு." கண் முன்னால் காட்டும்போது நம்பாமல் என்ன செய்வது?

ஒன்று கேட்டேன். "மொபைல்லயும் வைஃபை வரலையே தம்பி, அது ஏன்?" அதற்கு வந்த பதிலை இன்று நினைத்தாலும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. மோடம் கம்ப்யூட்டரிலிருந்துதான் நெட்டை எடுத்து மொபைலுக்குக் கொடுக்கிறதாம். குழாய்க்குத் தண்ணீர் வாளியிலிருந்து வருகிறது என்று சொன்ன மாதிரி. நானும் தலையாட்டினேன்.

மறுநாள் 850 ரூபாய்க்குப் புது லேன் கார்டு. புது என்றுதான் சொன்னார். ஆனால் சொருகும் பக்கத்துத் தங்க நிறப் பற்களில் கீறல்கள் இருந்தன, திருகும் தகட்டில் யாரோ ஸ்டிக்கரைச் சுரண்டிய பிசின் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். கார்டு போட்டும் நெட் வரவில்லை. "சொன்னேன்ல, லினக்ஸ்தான் பிரச்சினை" என்று சிபியுவைக் கடைக்கு எடுத்துப் போனார். "ஃபைலெல்லாம் பேக்கப் எடுத்துடுவேன், கவலைப்படாதீங்க" என்றார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அதில் விண்டோஸ் 7 இருந்தது. சர்வீஸ் சார்ஜ் 1,800.

அந்த விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 முதல் பாதுகாப்பு அப்டேட் நிறுத்தப் போவதாக முன்பே அறிவித்திருந்தது. மூன்று மாதத்தில் காலாவதியாகப் போவதை, அதுவும் திருட்டுப் பிரதியை, என் தலையில் கட்டியிருந்தார். சில நாளில் பின்னணி கறுப்பாகி, வலது மூலையில் இது அசல் இல்லை என்று எழுத்து வந்து நின்றது. பேக்கப் என்றால் என் டெஸ்க்டாப் திரையில் கண்ணுக்குத் தெரிந்த பதினோரு கோப்புகள் மட்டும். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் அன்று நெட் வந்தது! அதுதான் இதில் பெரிய விஷயம். இரண்டு நாளாக மழை விட்டு வெயில் அடித்திருந்தது. "இப்ப நம்புறீங்களா?" என்று கேட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் இரவு மழை. விடிந்தால் நெட் இல்லை. மறுபடி 300 கொடுத்து வரவழைத்தேன். "மோடம் போயிருக்கும்க்கா, புதுசு 2,200 ஆகும்" என்றார். தீபாவளிச் செலவு கழுத்தில் இருந்ததால் மட்டுமே அன்று தப்பித்தேன். புத்தியால் இல்லை.

பெங்களூரில் இருக்கும் சித்தி மகனுக்கு அன்று ராத்திரி போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, டிஎஸ்எல் விளக்கு நிலையா எரியுதா, மினுக்குதா?"

மினுக்குகிறது என்றேன்.

"அப்ப கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணிடு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்த விளக்கு மோடத்துக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவிக்கும் இடையே பேச்சு நடக்கிறதா என்று காட்டுவது. மினுக்கினால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது நிலையாக எரியாத வரை வீட்டில் இருப்பது லினக்ஸா, விண்டோஸா, கம்ப்யூட்டரே இல்லையா என்பதற்கெல்லாம் இடமே இல்லை. அதோடு என் மோடம் யூசர்நேம், பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தானே லாகின் ஆகும் வகை. கம்ப்யூட்டர் அதன் பின்னால் சும்மா நிற்கும் ஒரு ஆள்தான், மொபைல் மாதிரியே.

அப்புறம் மொபைலை வைஃபையில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒரு எண். சத்தத்தைத் தாண்டிச் சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதன் அளவு அது. 6 டெசிபலுக்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வருமாம். எனக்கு 4 காட்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2 ஆகி, பக்கமே வெறுமையானது. "எக்ஸ்சேஞ்சுக்குப் போன் பண்ணு, நெட் பத்திப் பேசாத, லைன்ல கரகரன்னு சத்தம்னு மட்டும் சொல்லு" என்றான்.

லைன்மேன் மறுநாளே வந்தார், ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடமே இருக்கும் வயது. வாசல் திண்ணைக்கு மேலே சுவரில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு செப்புக் கம்பிகளை முறுக்கிச் சேர்த்த முடிச்சு. அதன் மேல் கோயில் குத்துவிளக்கை மாதக்கணக்கில் துலக்காமல் விட்டால் படியுமே, அப்படிப் பச்சைக் களிம்பு. நகத்தால் கீறினார், உதிர்ந்தது. பெட்டியின் மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது, மழைச்சாரல் நேரே முடிச்சில்தான் விழுந்திருக்கிறது. "பேச்சு தாக்குப் பிடிக்கும்மா, நெட்டு தாங்காது" என்றார். பேச்சுக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைவரிசையே போதும். டிஎஸ்எல் அதற்கு மேலே, ஏடிஎஸ்எல்2+ என்ற வகை என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அதே ஒயரில் போகிறது. களிம்பேறிய முடிச்சில் குரல் தட்டுத் தடுமாறிக் கடந்துவிடும், மேலே இருப்பது முதலில் அடிபடும். காய்ந்த நாளில் கொஞ்சம் தேறும், நனைந்தால் படுக்கும். வெயில் அடித்த அன்று விண்டோஸ் 'வேலை செய்த' ரகசியம் இதுதான்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். சமையலறையில் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் போன். ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டிதான் குரலையும் நெட்டையும் பிரிப்பது. எல்லாப் போனும் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். இது அதற்கு முன்னாலேயே தொற்றிக்கொண்டிருந்தது. அந்த ஒயரை வெட்டிவிட்டார், முடிச்சைக் கழித்துப் புதிதாக முறுக்கி டேப் சுற்றினார். எஸ்என்ஆர் 14க்கு ஏறியது. இருபது நிமிடம், ஒரு டீ. காசு எதுவும் வாங்கவில்லை. "ஏம்மா, லைன்ல சத்தம் வந்தா கம்ப்யூட்டர்காரனை எதுக்குக் கூப்பிட்டே?" என்று கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

தீபாவளிக்கு வந்த அந்தச் சித்தி மகன் பென்டிரைவில் உபுண்டு கொண்டுவந்திருந்தான். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தான். பழைய லேன் போர்ட் பட்டியலிலேயே இல்லை. எரிந்து போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, சந்தேகத்தில் அந்த நீலத் திரையைத் திறந்தான். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம் அது. ஆன்போர்டு லேன் என்ற வரிக்கு எதிரே டிஸேபிள்டு என்று இருந்தது. எனேபிள்டு ஆக்கிச் சேமித்து மறுபடி ஆன் செய்தான். பின்பக்கம் பச்சைப் பொட்டு எரிந்தது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் காபி போடப் போன நேரத்தில் அணைத்து வைத்திருக்கிறார்.

கோப்புகளுக்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். கொஞ்சம் மீண்டன. ஆனால் பெயரெல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் நீள எண்ணுமாக ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றாகத் திறந்து இது எந்தப் புத்தகம் என்று பார்க்க வேண்டும். இன்னும் முடிக்கவில்லை. அழிந்த டிஸ்க்கில் அதற்குள் விண்டோஸ் ஏறியிருந்ததால் அதன் கீழே போனவை போனவைதான். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுத விடாமல் முதலில் கழற்றி வையுங்கள்.

ஆகவே, லினக்ஸ் வைத்திருப்பவர்கள் யாரையும் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். டிஎஸ்எல் விளக்கு நிலையாக இருக்கிறதா? மொபைலில் வைஃபை வழியாக நெட் வருகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். மொபைலில் வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லையென்றால் டெர்மினலில், எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை மோடத்தின் 192.168.1.1க்குக் கொடுங்கள். பதில் வந்தால் லேன் கார்டும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன, யாரும் உங்களுக்குக் கார்டு விற்க முடியாது. அடுத்து, வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8. அதற்கும் பதில் வந்து, இணையதளப் பெயருக்கு மட்டும் வராவிட்டால் தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு, நெட்வொர்க் செட்டிங்ஸில் ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. சில தளங்கள் திறந்து சில பாதியில் தொங்கினால் எம்டியு, அதாவது தகவலை ஒரு தடவைக்கு அதிகபட்சம் எத்தனை பைட் பொட்டலமாக அனுப்பலாம் என்ற அளவு, 1492 ஆக இருக்கிறதா பாருங்கள். டிஎஸ்எல்லில் லாகின் ஆகப் பயன்படும் பிபிபிஓஇ என்ற முறை தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் வழக்கமான 1500 இங்கே பொருந்தாது.

மோடத்தைத் தானே லாகின் ஆகாத பிரிட்ஜ் முறையில் வைத்து லினக்ஸிலிருந்தே டயல் செய்பவர்களுக்கு மட்டும் கதை கொஞ்சம் வேறு. அவர்கள் லாக் என்ற பதிவுக் கோப்பைப் பார்க்க வேண்டும். பாடோவுக்கு, அதாவது எதிர்முனையின் முதல் பதிலுக்கு, காத்திருந்து நேரம் முடிந்தது என்று வந்தால் எதிர்முனையிலிருந்து பதிலே இல்லை, லைனையும் மோடத்தையும் பாருங்கள். ஆதென்டிகேஷன் ஃபெயில்டு என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு. அதற்காக எந்த ஊரிலும் ஃபார்மட் அடிப்பதில்லை.

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி ஆகும்க்கா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார், விட்டுவிட்டேன். பணமும் ரொக்கம். தீபாவளி முடிந்து கார்டோடு கடைக்குப் போய் நீலத் திரையைப் பற்றிக் கேட்டபோது, மழைக்காலத்தில் போர்ட் தானாக ஆஃப் ஆகும் என்றார், கண் இமைக்காமல். கையில் பில் இருந்திருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் இன்று கட்டணமே இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்தும் சொல்லலாம். இரண்டுக்கும் கையில் ஏதாவது ஒரு தாள் வேண்டும், குறைந்தது யுபிஐயில் அனுப்பிய தடமாவது. வாக்குவாதத்துக்குப் பின் 500 ரூபாயைத் தூக்கிப் போட்டார். கார்டைத் திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை.

சரி, எதிர்வீட்டு மாமி. அவர்கள் வீட்டில் இப்போது ஃபைபர். போய்ப் பார்த்தேன். பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒளி வரவில்லை என்று அர்த்தம், டிஎஸ்எல் மினுக்கியதற்கு இது தம்பி. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் எலி கடித்து வைத்திருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். கார்டு இப்போது எவ்வளவு சொன்னார் என்று கேட்டேன். 1,200 ஆக்கியிருக்கிறார்.