கறுப்பு போனதும் கரடியும் போயிற்று

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ஹோப்பி வெள்ளிக் காப்பு (ஹோப்பிகள் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பழங்குடியினர்) நேற்றுத் திரும்பி வந்தது. விரிசலை அருமையாகப் பற்றவைத்திருக்கிறார்கள்; விரலால் தடவினாலும் ஒட்டு தெரியவில்லை. அந்தப் பாராட்டைக் கடைக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். காப்பில் இருந்த கரடியின் பாதத்தைத்தான் காணவில்லை.

"கறுத்துக் கிடந்தது, சேர்த்தே மெருகு போட்டுவிட்டோம்" என்றார். ஹோப்பி வேலைப்பாட்டில் தகடுகள் இரண்டு. மேல்தகட்டில் உருவத்தை நுண்ணிய ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு, அந்த மேல்தகட்டை அடித்தகட்டின்மேல் பற்றவைப்பார்கள். பள்ளத்தில் தெரியும் அடிப்பகுதியை உளியால் கீறி, கந்தகக் கலவை பூசிக் கறுக்க வைப்பார்கள். மேல்தகட்டில் வெள்ளி இல்லாத இடம்தான் கரடி. அந்தக் கறுப்பைக் கழுவிவிட்டு எனக்குப் பளபளப்பைத் தந்திருக்கிறார்கள். மறுபடி கறுக்க வைக்கலாமாம், அதற்குத் தனிக் கட்டணமாம்!

வாங்கிய நாளிலிருந்தே இந்தத் தொல்லைதான். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அதைத் துலக்கித் தர ஆசை. ஊரிலிருந்து வந்த அம்மா குத்துவிளக்கைத் தேய்ப்பது போல விபூதி போட்டுத் தேய்த்தார். கரடியின் விரல்களுக்கிடையே விபூதி அடைத்துக்கொண்டு ஒரு மாதம் வெள்ளைக் கரடியாகத் திரிந்தது. அப்போதாவது பாதம் தெரிந்தது.

மற்றபடி குறை சொல்ல மாட்டேன். அணிய அணிய மேல்தகடு உரசி வெளுக்க, பள்ளம் மட்டும் ஆழ்ந்து கறுத்து, உருவம் ஆண்டுக்காண்டு தெளிவாகிக்கொண்டே வந்தது. எந்த நகை இப்படிப் பழகப் பழக அழகாகிறது?

கரடி என்றால் வலிமை, கழுகு என்றால் தொலைநோக்கு என்று கடைகளில் அட்டை அச்சடித்துத் தருகிறார்கள். ராசிபலன் தோற்றது. ஹோப்பிகளிடையே கரடிப் பாதம் கரடிக் குலத்தின் அடையாளம். செகண்ட் மேசா என்னும் மேட்டுநிலத்திலுள்ள ஷுங்கோபாவி கிராமத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்தக் குலம் என்பது அவர்கள் மரபு. வெள்ளி வேலையில் இந்தப் பாணி அவ்வளவு பழையதும் அல்ல. அண்டைப் பழங்குடியினரான நவஹோக்களின் நகைகளிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும் என்று அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகர அருங்காட்சியகத்தார் 1930களின் இறுதியில் முன்வைத்த யோசனை அது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஹோப்பி வீரர்களுக்கு ஹோப்பி ஓவியர் ஃப்ரெட் கபோட்டியும் வெள்ளிக் கொல்லர் பால் சௌஃப்கியும் 1947-இல் வகுப்பெடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது பரவியது.

வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றே சொல்வேன். திறந்த காப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் விரித்து விரித்து மூடினால் ஒருநாள் விரிசல் விடும், விட்டால் பட்டறை, பட்டறை என்றால் நெருப்பும் அமிலமும் மெருகும். வாங்கியே தீருவேன் என்றால் பதக்கமாக வாங்குங்கள். அதை வளைக்க வேண்டியதில்லை. பின்புறம் செய்தவரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அம்மா வரும்போது ஒளித்து வையுங்கள்.