கோடையில் என்னைக் காணாத கடிகாரம்

கூட வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க கட்டில் பக்கத்துல வச்சிருக்கீங்களே, அந்த மாதிரி அலாரம் கடிகாரம் எனக்கும் ஒண்ணு செய்யணும். என்னென்ன சென்சார் வாங்கட்டும்?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மூன்று வருடமாக அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் விடியற்காலையில் எழுகிறேன். அதே கடிகாரத்தை இந்த மாதம் மறுபடியும் பிரித்துப் போட்டு, ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்திருக்கிறேன். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

மூளையாக ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, நேரம் காக்க டிஎஸ்3231 சிப், எண்களைக் காட்ட டிஎம்1637 சிவப்பு டிஸ்ப்ளே. எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை, இந்த மாதிரி செய்கிறவர்களுக்குத் தெரிந்த சேர்க்கைதான். நேரத்தில் குறையே இல்லை.

முதலில் வெளிச்சத்தைப் பார்க்கும் எல்டிஆர். அறை இருட்டானால் டிஸ்ப்ளே மங்கவும், விளக்குப் போட்டால் பிரகாசமாகவும் இதுதான் வழி. இதற்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. ஆனால் மொத்தக் கடிகாரத்திலும் எனக்கு அதிக நிம்மதி தந்தது இதுதான். ஆரம்பத்தில் அதை டிஸ்ப்ளேவுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தேன், அது தப்பு. டிஸ்ப்ளேவின் எண்கள் சின்னச் சின்னக் கோடுகளால் ஆனவை. நடு ராத்திரி 1:11க்கு எரிவது மொத்தம் ஆறு கோடுகள், 2:08க்குப் பதினெட்டு. கடிகாரம் தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து, அறையில் யாரோ விளக்குப் போட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளும். 2:08க்குப் பளிச்சென்று ஏறி என்னை எழுப்பிவிடும். காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆனது. எல்டிஆரைப் பெட்டியின் மேல்பக்கத்துக்கு மாற்றி, ஒயருக்கு மேல் போடும் கறுப்பு ஸ்லீவில் ஒரு துண்டை அதைச் சுற்றிக் குழாய் மாதிரி செருகினேன். பத்து விநாடி சராசரி எடுத்த பிறகே மாறும்படி வைத்தேன். மங்குவதற்கு ஓர் அளவு, ஏறுவதற்குக் கொஞ்சம் கூடுதலான இன்னோர் அளவு. தெருவில் போகும் பைக்கின் ஹெட்லைட் ஜன்னலில் அடித்தாலும் இப்போது அசைவதில்லை. டிஎம்1637இல் வெளிச்சத்துக்கு எட்டு நிலைகள் உண்டு. ஆகக் குறைந்ததும் இருட்டறைக்கு அதிகம்தான். கார் கண்ணாடிக்கு ஒட்டும் சன் ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். ராத்திரி கண் விழித்தால் எண் தெரிகிறது, சுவர் சிவப்பதில்லை.

அப்புறம் பிஐஆர், ஆள் அசைந்தால் காட்டும் சென்சார். என் கோபம் முழுக்க இதன் மேல்தான்.

அலாரம் அடிக்கும்போது கையை ஆட்டினால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. ஜனவரியில் செய்தேன், அற்புதமாக வேலை செய்தது. ஏப்ரல் கடைசியில் கையை ஆட்டுகிறேன், ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், அது கத்திக்கொண்டே இருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று வேறு வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே. பிறகுதான் டிஎஸ்3231க்குள்ளேயே ஒரு வெப்பமானி இருப்பது ஞாபகம் வந்தது. படித்துப் பார்த்தால், காலை ஐந்து மணிக்கு 33 டிகிரி. ஏசி இல்லாத மாடி அறை. என் கையின் தோலும் ஏறக்குறைய அதே சூடுதான். பிஐஆர் பார்ப்பது அசைவை அல்ல. பின்னாலிருக்கும் சுவருக்கும் அசையும் உடம்புக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசத்தை. சுவரும் நானும் ஒரே சூட்டில் இருந்தால் அதற்கு நான் இல்லை.

சென்சாரைக் குறை சொல்வது நியாயமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் அடுத்து நடந்ததை மறக்க முடியவில்லை. சென்சிட்டிவிட்டி திருகை முழுசாகத் திருகிவிட்டுப் படுத்தேன். விடிகாலையில் அலாரம் அடித்தது. மூன்றே விநாடியில் தானாக நின்றது. ஃபேன் காற்றில் திரைச்சீலை விலகி வெளிக்காற்று உள்ளே வந்திருக்கிறது, அதை என் கை என்று நினைத்துக்கொண்டது. கம்பெனி பஸ் போயேவிட்டது. அன்று அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.

போன வருடம் பிஐஆரைக் கழற்றிவிட்டு எல்டி2410 ரேடார் வைத்தேன். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பார்ப்பது, வெயில் குளிர் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்தே ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும். இதை வைத்துக் கட்டிலை விட்டு எழுந்தால்தான் அலாரம் நிற்கும்படி மாற்றினேன். முதலில் சீலிங் ஃபேனையும் ஆள் என்றது. முக்கால் மீட்டருக்கு ஒரு கட்டமாகத் தூரத்தைப் பிரித்துப் பார்ப்பதால், ஒன்றரை மீட்டருக்கு அப்பால் பார்க்காதே என்று அமைத்ததும் சரியாகிவிட்டது. நல்ல சாதனம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதைத்தான் இந்த மாதம் கழற்றினேன். கட்டிலில் இரண்டு பேர் படுக்கிறோம். நான் எழுந்து போய்விடுவேன். பக்கத்தில் தூங்கும் மனைவியின் மூச்சைப் பார்த்து, நான்தான் இன்னும் படுத்திருக்கிறேன் என்று அது கத்தும். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வந்து படுத்தவரை ஐந்து மணிக்கு எழுப்பிவிடும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நண்பருக்கு என் பதில்: எல்டிஆர் ஒன்று வாங்குங்கள், கடிகாரத்தின் தலையில் அலாரத்தை நிறுத்தப் பெரிய பட்டன் ஒன்று வையுங்கள். ரேடார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அலாரத்தை நிறுத்தும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். நான் போட்டிருப்பது ஆட்டோ ஹாரன் பட்டன். தூக்கத்தில் தடவினாலும் கைக்குக் கிடைக்கிறது. கழற்றிய ரேடார் மேஜை டிராயரில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.